பைக்கில் 'கஸ்டம் சீட்' போடப் போறீங்களா? கடையில் அமுக்கிப் பார்த்து ஏமாறாதீங்க!

சென்னையில் இருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட் சுமார் 45 கி.மீ. கொல்கத்தா நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே தினமும் பைக்கிலேயே ஷிஃப்ட்டுக்குப் போய் வருபவர்கள் ஏராளம். இடுப்பு வலி ஆரம்பித்ததும் வரும் முதல் யோசனை, 'சீட்டை மாத்திடலாமா?'

தாராளமா மாத்தலாம். ஆனால் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, 'செம சாஃப்ட்டா இருக்கே' என்று வாங்குவதில்தான் சிக்கல்.

மெத்துனு இருந்தும் ஏன் வலிக்குது?

உட்காரும்போது உடல் எடையில் பெரும்பகுதி இடுப்பின் அடியில் உள்ள இரண்டு எலும்பு முனைகளில் இறங்குகிறது. ஃபோம் ரொம்ப மென்மையாக இருந்தால் முழுசா அமுங்கி, அடியில் உள்ள கெட்டியான தட்டு உறுத்தத் தொடங்கும். முதல் 10 நிமிஷம் சுகம், சிப்காட் கேட் வருவதற்குள் வலி. சற்று கெட்டியான, அகலமான சீட் எடையைப் பரப்பிவிடும். அதனால் கடையில் கால் மணி நேரமாவது உட்கார்ந்து பாருங்க. கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை.

உட்காரும் இடத்தின் நடுவே தையல் வேண்டாம். மழைத் தண்ணீர் அந்த ஓட்டை வழியாக இறங்கி ஃபோம் ஊறிவிடும்.

கால் எட்டுமா?

ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-ன் சீட் உயரம் 805 மி.மீ., மீட்டியார் 350-ல் 765 மி.மீ. இந்த 40 மி.மீ. வித்தியாசமே உயரம் குறைந்தவர்களுக்குப் பெரிசு. ஃபோமை ஒரு இன்ச் ஏற்றினாலே 25 மி.மீ. கூடிவிடும். அகலம் கூடினாலும் தொடை விரிந்து கால் எட்டாமல் போகும். லாரிக்குப் பக்கத்தில் நுனிக்காலில் நிற்பது ஆபத்து. வேலைக்குப் போடும் ஷூவோடவே போய் அளந்து பார்ப்பது நல்லது.

சட்டம் என்ன சொல்லுது?

பின்னால் ஒருவரை ஏற்ற, உறுதியாகப் பொருத்திய முறையான இருக்கை வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 128-வது பிரிவு. அவருக்குக் கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், பின்சக்கரத்தில் துணி சிக்காத தடுப்பு ஆகியவை வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி 123. ஸ்டைலுக்காக ஒற்றை சீட்டாக்கி கைப்பிடியைக் கழற்றினால் வம்புதான். அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ரூ.5,000 அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு.

கம்பெனி சீட்டைக் கிழிக்காமல், பழைய சீட் ஒன்றை வாங்கி அதில் வேலை பார்க்கச் சொல்லலாம். பிடிக்கலைன்னா ஒரிஜினலை மாட்டிக்கலாம். மாட்டியதும் சீட்டைத் தூக்கி இழுத்துப் பார்த்து, லாக் சரியா விழுந்திருக்கான்னு உறுதி செய்துட்டு கிளம்புங்க.