காலம் வேறு, வினைவடிவம் வேறு

ஆங்கிலத்தில் 12 காலங்கள் என்று அட்டவணையிட்டு மாணவர்களை மனப்பாடம் செய்ய வைக்கிறோம். உண்மையில் ஆங்கில வினைச்சொல் தன் வடிவத்தால் உணர்த்தும் காலங்கள் இரண்டே: நிகழ்காலம், இறந்தகாலம். எதிர்காலத்துக்குத் தனி விகுதி கிடையாது. முன்பு விருப்பத்தைக் குறித்த ‘வில்’ என்னும் வினையே துணைவினையாகி அதைச் சுட்டுகிறது. அட்டவணையில் எஞ்சியவை, செயல் தொடர்கிறதா, முடிந்துவிட்டதா என்னும் நிலையைக் காட்டுபவை.

‘ரயில் நாளை 6 மணிக்குப் புறப்படுகிறது’ என்று எதிர்காலச் செய்தியை நிகழ்கால வடிவில் சொல்வது ஆங்கிலத்திலும் இயல்பு. தமிழர்க்கு இது புதிதன்று. இன்னும் கிளம்பாதவர் ‘இதோ வந்துவிட்டேன்’ என்கிறார். விரைவு கருதிய இத்தகைய வழக்கை நன்னூல் ஏற்றுக்கொள்கிறது. தாய்மொழியில் அறிந்த இவ்வுண்மையிலிருந்து தொடங்கினால், ஆங்கில இலக்கணம் மாணவரை அச்சுறுத்தாது.