பெரியம்மாவின் ஷிஃப்டை வெட்டியது யார்?



இந்த வார எபிசோடில் அல்கோரிதம் பற்றிக் கதைக்கும்போது நேரம் போதாமல் ஒரு விஷயத்தைப் பாதியில் விட்டுவிட்டோம்: ஜனநாயகம். "ஐயோ, திரும்பவும் எலெக்ஷன் கதையோ?" என்று மூடிவிடாதீர்கள். இது என் பெரியம்மாவின் கதையில் இருந்து தொடங்குகிறது.

பெரியம்மா பார்க் எக்ஸில் இருக்கிறா. மொன்றியலுக்கு வந்து 28 வருஷம். ஒரு வேர்ஹவுஸில் வேலை. கையில் ஸ்கேனர், காலில் பாரமான சப்பாத்து. போன வருஷக் கடைசியில் அவவுடைய ஷிஃப்ட் கிழமைக்கு 5 நாளில் இருந்து 3 நாளாகக் குறைந்தது. யாரும் கூப்பிட்டுச் சொல்லவில்லை. ஆப்பில் காட்டினது, அவ்வளவுதான். சூப்பர்வைசரிடம் கேட்டால், "சிஸ்டம்தான் போடுது, என்னால ஒண்டும் செய்ய ஏலாது" என்றாராம்.

பெரியம்மா என்னிடம் கேட்டா: "தம்பி, இந்த சிஸ்டம் எண்டுறது ஆர்? அவரோட ஒருக்கா கதைக்க ஏலாதோ?"

முதலில் சிரித்துவிட்டேன். பிறகு யோசித்தால் சிரிக்க முடியவில்லை. குடியுரிமை கிடைத்த நாளில் இருந்து பெரியம்மா ஒரு தேர்தலையும் தவறவிட்டதில்லை. நல்ல சீலை உடுத்திக்கொண்டு போய் வாக்குப் போடுவா. ஆனால் அது சில வருஷத்துக்கு ஒருதரம், 5 நிமிஷ வேலை. அவவுடைய கிழமை எப்படிப் போகவேண்டும், சம்பளம் எவ்வளவு வரவேண்டும் என்று முடிவெடுக்கிற இடத்தில் அவவுக்கு வாக்கு இல்லை. எங்களுக்கும் அப்படித்தான். நாங்கள் நாள் முழுக்க இருக்கிற இடங்கள் வேலைத்தலமும் போனும்தானே.

குரல் வேறு, வாக்கு வேறு

"எங்களிட்டயும் கேக்கினம்தானே?" என்று நீங்கள் சொல்லலாம். உண்மை. ஒவ்வொரு ஆப்பும் 5 நட்சத்திரம் கேட்கிறது. கருத்துக் கணிப்பு அனுப்புகிறது. கொமென்ட் போடலாம், ரிப்போர்ட் பண்ணலாம். இதெல்லாம் குரல். கேட்கிறவர் விரும்பினால் கேட்கலாம், விரும்பாவிட்டால் விடலாம். வாக்கு என்றால் எண்ணி முடிந்த பிறகு மற்றப் பக்கம் அதற்குக் கட்டுப்பட வேண்டும். கட்டுப்படத் தேவையில்லை என்றால் அது சத்தம் மட்டும்தான்.

உங்களில் பலருக்குத் தெரியாத ஒரு கதை: ஒரு காலத்தில் பேஸ்புக்கில் உண்மையிலேயே வாக்கெடுப்பு இருந்தது. 2009இல் விதிமுறைகளை மாற்றப் போய்ப் பெரிய எதிர்ப்பு வந்தபோது, இனிப் பயனர்களே வாக்களிக்கலாம் என்று கம்பனி அறிவித்தது. ஆனால் ஒரு நிபந்தனை. பயனர்களில் 30 வீதம் பேர் வாக்களித்தால்தான் அந்த முடிவு கம்பனியைக் கட்டுப்படுத்தும்.

2012 டிசம்பரில் கடைசி வாக்கெடுப்பு நடந்தது. அதில் கேட்கப்பட்ட விஷயங்களில் ஒன்று, இந்த வாக்கெடுப்பு முறையையே நிறுத்தலாமா என்பது. 7 இலட்சத்துக்குச் சற்றுக் குறைவானவர்கள் வாக்களித்தார்கள். 88 வீதம் பேர் மாற்றங்கள் வேண்டாம் என்றார்கள். அப்போது பேஸ்புக்கில் 100 கோடிப் பேர் இருந்தார்கள். 30 வீதம் என்றால் 30 கோடி. எண்ணிக்கை போதவில்லை என்று சொல்லி, வாக்களித்தவர்களில் பெரும்பான்மை வேண்டாம் என்ற மாற்றத்தையே கம்பனி கொண்டுவந்தது. வாக்குரிமை அதோடு போனது.

இதில் கம்பனியை மட்டும் திட்டுவது சுகம். ஆனால் 100 கோடிப் பேரில் 99 கோடிக்கு மேல் வாக்களிக்கவே இல்லை என்பதும் கதையின் மறுபாதி. அதை வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

லாவலில் நடந்தது

இனி எங்கள் வீட்டுக்குக் கிட்ட வருவோம். பாலம் தாண்டினால் லாவல்.

2024 மே மாதம், லாவலில் இருந்த அமேசன் வேர்ஹவுஸ் ஒன்றில் தொழிற்சங்கம் அங்கீகாரம் பெற்றது. கனடாவில் அமேசனுக்குள் அமைந்த முதலாவது சங்கம் அதுதான். சி.எஸ்.என். என்கிற கியூபெக் தொழிற்சங்கச் சம்மேளனத்தோடு அது சேர்ந்தது.

கியூபெக்கில் இதற்கான முறை சுவாரசியமானது. வேலை செய்கிறவர் ஒரு கார்ட்டில் கையெழுத்து வைத்து, குறைந்தது 2 டொலர் தன் கையால் கட்ட வேண்டும். யார் சேர்ந்தது என்பது முதலாளிக்குத் தெரியவராது. பாதிக்கு மேல் ஆட்கள் கையெழுத்து வைத்தால், தனி வாக்கெடுப்பு இல்லாமலே தொழில் தீர்ப்பாயம் சங்கத்தை அங்கீகரிக்கலாம். ஒரு கோப்பிக் காசில் ஒரு வாக்கு என்று வையுங்களேன். இந்த முறையை அமேசன் தீர்ப்பாயத்தில் எதிர்த்தது, வெல்லவில்லை. முதல் ஒப்பந்தத்துக்கான பேச்சு இழுபட்டால், நடுவர் ஒருவர் ஒப்பந்தத்தைத் தீர்மானிக்கவும் கியூபெக் சட்டத்தில் வழி உண்டு. அதாவது இது குரல் இல்லை, பல்லுள்ள வாக்கு.

2025 ஜனவரி 22. கியூபெக்கில் உள்ள 7 இடங்களையும் மூடுகிறோம் என்று அமேசன் அறிவித்தது. ஏறக்குறைய 1,700 நிரந்தர ஊழியர்கள், 250 தற்காலிக ஊழியர்கள். சங்கம் இருந்தது அந்த 7இல் ஒன்றில் மட்டும்தான். சங்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, 2020க்கு முன் இருந்ததுபோல வெளிக் கம்பனிகளைக் கொண்டு டெலிவரி செய்தால் வாடிக்கையாளருக்கு மிச்சம் என்பது கம்பனியின் விளக்கம். சங்கத்தை உடைக்கத்தான் மூடினார்கள் என்பது சி.எஸ்.என். வாதம், அவர்கள் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள்.

யார் சொல்வது சரி என்பதை விடுங்கள். நடந்ததைப் பாருங்கள். ஆட்கள் வாக்கை வென்றார்கள். 8 மாதத்தில் அந்த வாக்கைப் போட்ட இடமே இல்லை.

கியூபெக்குக்கு இது புதிதும் இல்லை. ஜோன்கியேரில் ஒரு வோல்மார்ட் கடையில் 2004இல் சங்கம் வந்தது, 2005இல் கடை மூடப்பட்டது. பேச்சுவார்த்தைக் காலத்தில் அப்படி மூடியது தொழில் சட்டத்தை மீறியது என்று கனடா உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2014இல். 9 வருஷம்! தீர்ப்பு வந்தது, கடை வரவில்லை.

கதவு யாருடைய கையில்?

ஜனநாயகத்தின் எதிர்காலம் பற்றிக் கதைக்கிறவர்கள் வாக்கைப் பற்றித்தான் அதிகம் கதைக்கிறார்கள். ஒன்லைனில் வாக்களிக்கலாமா, புளொக்செயினில் எண்ணலாமா என்று. நான் இப்போது கேட்கிற கேள்வி வேறு: தோற்ற பக்கம் எழும்பிப் போக முடியுமா? கதவு ஒரு பக்கத்துக்கு மட்டும் திறந்திருந்தால், வாக்கு பாதி வாக்குத்தான்.

முழு நாட்டுக்கே இப்படி நடந்தது. செய்தி நிறுவனங்களோடு பெரிய தளங்கள் பேரம் பேசிப் பணம் கொடுக்க வேண்டும் என்று 2023 ஜூனில் கனடா பாராளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது. ஓகஸ்ட் மாதத்தில் இருந்து பேஸ்புக்கிலும் இன்ஸ்டகிராமிலும் கனடாவில் செய்திகளையே மெட்டா நிறுத்திவிட்டது. அதே மாதம் காட்டுத்தீயால் யெலோநைஃப் நகரத்தையே காலி செய்யச் சொன்னபோதும், ஆட்களால் செய்தி லிங்க் ஒன்றை அங்கே பகிர முடியவில்லை. அந்தச் சட்டம் நல்லதா கூடாதா என்று இரண்டு பக்கமும் வாதாடலாம். ஆனால் நாங்கள் தெரிந்தெடுத்த பாராளுமன்றம் ஒரு விதி போட்டது, தளம் அந்த விதிக்குள் வராமல் வெளியே போய் நின்றது. லாவலில் நடந்ததைப் போலத்தான்.

கதவைச் சுலபமாகத் திறக்க முடியாத இடத்தில் என்ன நடக்கும்? சென்னைக்குப் பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையைப் பாருங்கள். 2024 செப்டெம்பரில் தொடங்கி, ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் ஒரு மாதத்துக்கும் மேலாக வேலைநிறுத்தம் செய்தார்கள். முக்கியமான கோரிக்கை, தங்கள் சங்கத்தைப் பதிவு செய்யவேண்டும் என்பது. சங்கத்தின் பெயரில் கம்பனியின் பெயர் வரக்கூடாது என்று கம்பனி எதிர்த்தது. விஷயம் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரி இறுதியில் சங்கம் பதிவானது. லாவலில் மூடுகிற அறிவிப்பு வந்த அதே மாதம். இயந்திரங்கள் நிறைந்த ஆலையை வாடகை வேர்ஹவுஸ் மாதிரி மூட்டை கட்ட ஏலாது என்பதும் ஒரு காரணம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

சங்கக்கடை என்ன சொல்லித் தருகிறது

அப்படியென்றால் போகமாட்டாத முதலாளி யார்? வாக்களிக்கிறவர்களே முதலாளியாக இருந்தால்?

இதை நான் சொன்னதும் பெரியம்மா, "சங்கக்கடை மாதிரியோ?" என்றா. அதேதான். யாழ்ப்பாணத்தில் கூட்டுறவு என்பது கூப்பன் அரிசிக்கு வரிசையில் நிற்கிற கடை மட்டும் இல்லை. மூளாயில் ஆஸ்பத்திரியையே கூட்டுறவாக நடத்தியவர்கள் எங்கள் ஆட்கள். 1974 தமிழாராய்ச்சி மாநாட்டால் நீங்கள் பெயர் கேள்விப்பட்ட வீரசிங்கம் மண்டபம் கூட, கூட்டுறவு இயக்கத்தின் முன்னோடி ஒருவரின் பெயரைத் தாங்கியதுதான்.

கியூபெக்கில் இதன் பெரிய உதாரணம் உங்கள் பொக்கற்றில் இருக்கலாம். டெஜார்டான் கார்ட் வைத்திருக்கிறீர்களா? 1900இல் லெவி என்ற ஊரில் தொடங்கிய கூட்டுறவு அது. முதல் நாள் சேர்ந்த காசு மொத்தம் 26 டொலர் 40 சதம். அங்கே கணக்குத் திறந்த அநேகமானவர்கள் வாடிக்கையாளர் மட்டும் இல்லை, உறுப்பினர். ஆயிரம் டொலர் வைத்திருந்தாலும் பத்து இலட்சம் வைத்திருந்தாலும் ஒரு ஆளுக்கு ஒரு வாக்கு. வருஷப் பொதுக்கூட்டத்துக்கு அழைப்பு வரும். நான் 6 வருஷமாக அந்த ஈமெயிலைத் திறக்காமலே அழித்திருக்கிறேன். பேஸ்புக்கில் வாக்களிக்காத 99 கோடிப் பேரை ஞாபகம் இருக்கா? நானும் அந்த ஆள்தான்.

கூட்டுறவு என்றால் எல்லாம் சரி என்றும் இல்லை. டெஜார்டானுக்குள் இருந்த ஒரு ஊழியரால் 97 இலட்சம் பேரின் தகவல் வெளியே போனது 2019இல் தெரியவந்தது. வாக்கு இருந்தால் தவறு நடக்காது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. நடந்த பிறகு, கேள்வி கேட்கிற உரிமையோடு ஒரு கூட்டத்தில் உட்காரலாம் என்பதுதான் வித்தியாசம். உட்காருகிறோமா என்பது எங்கள் பாடு.

பெரியம்மாவின் கடிதம்

பெரியம்மாவின் வேர்ஹவுஸில் சங்கமும் இல்லை, அது கூட்டுறவும் இல்லை. ஆனால் கம்பனி தன் விருப்பத்துக்கு விலக முடியாத ஒன்று இருந்தது: சட்டம் 25.

2023 செப்டெம்பர் 22இல் இருந்து, ஒரு கியூபெக் நிறுவனம் உங்களுடைய தனிப்பட்ட தகவலை வைத்து முழுக்க முழுக்க இயந்திரத்தால் ஒரு முடிவு எடுத்தால், அதை உங்களுக்குச் சொல்லவேண்டும். நீங்கள் கேட்டால், எந்தத் தகவலைப் பாவித்தது, முக்கிய காரணங்கள் என்ன என்று விளக்கவேண்டும். பிழையான தகவலைத் திருத்தச் சொல்லலாம். ஒரு மனிதரிடம் உங்கள் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பும் தரவேண்டும். இதோடு, உங்களைப் பற்றி அவர்கள் வைத்திருக்கிற தகவலை எழுத்தில் கேட்டால் 30 நாளுக்குள் பதில் வரவேண்டும்.

தங்கச்சியும் நானும் பிரெஞ்சில் ஒரு பக்கக் கடிதம் எழுதினோம். பெரியம்மா கையெழுத்து வைத்தா.

நாலாவது கிழமை பதில் வந்தது. "கடைசி முடிவை சூப்பர்வைசர்தான் பார்க்கிறார், ஆகவே இது இயந்திர முடிவு இல்லை" என்று முதல் வரியிலேயே நழுவப் பார்த்தார்கள். சட்டத்தில் உள்ள ஓட்டை அதுதான். ஒரு மனிதர் பட்டனை அமத்தினால் போதும் என்று வாதாடலாம். ஆனால் தகவலைக் கொடுக்காமல் விட முடியவில்லை. பின் இணைப்பில் ஒரு அட்டவணை இருந்தது. ஸ்கேன் வேகம், லொகின் நேரம், அதற்குக் கீழே "அறிவிக்காமல் வராத நாட்கள்: 2".

அந்த 2 நாளும் பெரியம்மா தன் தமையனின் அந்தியேட்டிக்கு நின்ற நாட்கள். லீவு கேட்டு, ஓம் என்று சொன்ன மெசேஜும் போனில் இருந்தது.

திருத்தினார்கள். ஒரு நாள் திரும்பக் கிடைத்தது, மற்ற நாள் இன்னும் இல்லை. புள்ளி போடுகிற முறையும் அப்படியே இருக்கிறது. அதை மாற்ற ஒரு ஆளுடைய கடிதம் காணாது. இதுவும் குரல்தான், சட்டம் பின்னால் நிற்கிற குரல். இன்னும் வாக்கு இல்லை.

போன சனிக்கிழமை பெரியம்மா ஃபோன் எடுத்தா. சிஸ்டத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"தம்பி, அந்தக் கடிதத்தை பேரை எடுத்துப்போட்டு ஒரு 6 கொப்பி அடிச்சுத் தாறியோ? எங்கட லைனில நிக்கிற பிள்ளையளுக்கு."

அடித்துக் கொடுத்தேன். உங்கள் வீட்டில் யாருக்காவது தேவை என்றால் இந்த மடலுக்குப் பதில் போடுங்கள், அனுப்பி வைக்கிறேன். அடுத்த பொதுக்கூட்ட ஈமெயில் வந்தால் திறந்தும் பாருங்கள். நானும் இந்த முறை திறக்கிறேன்.

அடுத்த கிழமை சந்திப்போம்.