அப்பாவைக் கூட்டிட்டு வா!

“நாளைக்கு வரும்போது அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வா.”

கட்டாயக் கல்விச் சட்டம் வந்த பிறகு பிரம்புக்குத் தடை. இந்த வாக்கியத்துக்கு எந்தத் தடையும் இல்லை. வேளச்சேரி–தாம்பரம் சாலையில் சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் என்று எங்கே படித்தவரைக் கேட்டாலும் இதைக் கேட்டு வயிறு கலங்கிய ஒரு நாளைச் சொல்வார். வீட்டுப்பாடம் எழுதாதது, முடி வெட்டாதது, பையில் செல்போன் வைத்திருந்தது என எல்லாவற்றுக்கும் பள்ளி கடைசியாக எடுக்கும் ஆயுதம் இது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரு ராத்திரித் திட்டோடு விஷயம் முடிந்துவிடும். தன் வகுப்புப் பையனையே பிடித்துப்போன ஒரு பையனுக்கு, தோழியிடம் மனசைப் பறிகொடுத்த ஒரு பெண்ணுக்கு அது அப்படி முடிவதில்லை. பள்ளி சொல்லித்தான் வீட்டுக்குத் தெரிகிறது. அதன் பிறகு படிப்பு இருக்குமா, வீடு இருக்குமா என்பது அந்தந்தக் குடும்பத்தின் கோபத்தைப் பொறுத்தது.

பள்ளியை எதிர்த்து மாணவர்களே குரல் எழுப்பிய இடங்களும் உண்டு. அமெரிக்க அரசுப் பள்ளிகளில் தன்பாலீர்ப்பு உரிமைக்காக மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியேறுவது புதிதில்லை. 1996இல் சால்ட் லேக் சிட்டியில் தன்பாலீர்ப்பு மாணவர்கள் ஒரு மன்றம் தொடங்கக் கேட்டபோது, அதை அனுமதிக்க மனமில்லாமல் பாடத்துக்கு வெளியே இருந்த மன்றங்கள் எல்லாமே மூடப்பட்டன. மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். 2022 மார்ச்சில் ஃப்ளோரிடாவில், வகுப்பறையில் தன்பாலீர்ப்பைப் பற்றிப் பேசுவதைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை எதிர்த்துப் பல ஊர்ப் பள்ளிகளில் வெளிநடப்பு நடந்தது. என் மனதில் தங்கியது அதே ஃப்ளோரிடாவில், ஒரு சிற்றூர்ப் பள்ளியில் 2007இல் நடந்தது. கேலி தாங்காமல் ஒரு மாணவி பள்ளி நிர்வாகத்திடம் போகிறாள். ஆறுதலுக்குப் பதிலாக, “உன் வீட்டுக்குத் தெரியுமா?” என்ற கேள்வி வருகிறது. தெரியாது என்றதும் பெற்றோரின் தொலைபேசி எண் கேட்கப்படுகிறது. விஷயம் பரவியதும் சக மாணவர்கள் கைகளிலும் சட்டைகளிலும் ஆதரவு வாசகங்களை எழுதிக்கொண்டு வந்தார்கள். 11 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். வானவில் படம்கூடக் கூடாது என்றது பள்ளி. அந்தப் பெண்ணின் உறவுக்காரியான ஒரு மாணவி வழக்குப் போட்டாள். 2008இல் நீதிமன்றம் மாணவர்களின் பேச்சுரிமை மீறப்பட்டது என்று தீர்ப்பளித்தது.

இந்த வழக்கில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மைனர் என்பதால் அந்த மாணவி தன் அம்மா மூலமாகத்தான் நீதிமன்றம் போனாள். வியட்நாம் போரை எதிர்த்துக் கையில் கறுப்புப் பட்டை கட்டிவந்த மாணவர்களின் புகழ்பெற்ற டிங்கர் வழக்கிலும் (1969) பிள்ளைகளுக்காக வழக்காடியவர்கள் அவர்களுடைய அப்பாக்கள். நம் பக்கத்திலும் இதே கதைதான். 1985இல் கேரளத்தில், தங்கள் மத நம்பிக்கையின்படி தேசிய கீதம் பாடாமல் மரியாதையாக எழுந்து மட்டும் நின்ற மூன்று பிள்ளைகள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். மறு ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. பேச்சுரிமையும் மத உரிமையும் பள்ளிக்குள்ளும் செல்லும் என்று நிலைநாட்டிய பிஜோ இமானுவேல் வழக்கு அது. அங்கேயும் பிள்ளைகளின் பின்னால் வீடு நின்றது.

பேச்சுரிமைக்காகப் பள்ளியை எதிர்த்து ஜெயித்த இந்தப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரு அப்பாவோ அம்மாவோ துணை இருந்தார். எந்த வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்று பயப்படுகிறதோ, அதே வீட்டின் கையெழுத்தோடுதான் நம் பிள்ளை நீதிமன்றப் படி ஏற வேண்டும் என்றால் அது எப்படி ஏறும்?

1965இல் மொழிக்காக வகுப்பை விட்டு வந்தவர்கள் நம் மாணவர்கள். 2017இல் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் படுத்துக் கிடந்தவர்களும் அவர்கள்தான். போராடத் தெரியாத மாநிலம் இல்லை இது. ஆனாலும் தன்பாலீர்ப்பு உரிமைக்காகப் பள்ளி வாசலில் பதாகை பிடித்த ஒரு மாணவரை நாம் பார்த்ததில்லை. சென்னையில் 2009 முதல் வானவில் சுயமரியாதைப் பேரணி நடக்கிறது. அங்கே நடப்பவர்கள் பெரியவர்கள், சம்பாதிக்கிறவர்கள், வீட்டை விட்டு வந்துவிட்டவர்கள். பதினைந்து வயதுப் பிள்ளை அப்பாவின் சோற்றைத்தான் சாப்பிடுகிறது.

வயது வந்தவர்களுக்கே வீடு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்களின் வழக்கு காட்டியது. ஒருவரை ஒருவர் விரும்பியவர்கள், சென்னைக்கு வந்து தஞ்சமடைந்தார்கள். இரு வீட்டாரும் காணவில்லை என்று புகார் கொடுத்தார்கள். பாதுகாப்புக் கேட்டு அந்தப் பெண்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் பெற்றோரையும் உளவியல் நிபுணரிடம் அனுப்பினார். தனக்கே இதில் தெளிவு போதாது என்று வெளிப்படையாகச் சொல்லி, தானும் அதே நிபுணரிடம் போய் உட்கார்ந்து கேட்டார். எந்த ஆசிரியரும் பின்பற்றக்கூடிய நடத்தை அது. 2021 ஜூன் 7ஆம் தேதி வந்த உத்தரவு பள்ளிகளையும் விடவில்லை. பெற்றோர் ஆசிரியர் கழகம் வழியாகப் பெற்றோருக்குப் புரியவைக்க வேண்டும், மாணவர்கள் மனம் விட்டுப் பேச ஆலோசகர் வேண்டும், பாலினம் பாராத பொதுக் கழிப்பறை வேண்டும் என்றது. ‘மாற்றிக் காட்டுகிறேன்’ என்று சொல்லி அளிக்கும் சிகிச்சைக்கும் தடை விதித்தது. மறு ஆண்டில் இதற்கேற்பப் போலீஸ் நடத்தை விதிகளில்கூடத் தமிழக அரசு திருத்தம் செய்தது. பள்ளிகளின் பக்கம்தான் தயக்கம் அதிகம். 2021 இறுதியில் திருநர் குழந்தைகள் குறித்து ஆசிரியர்களுக்காக என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட பயிற்சிக் கையேடு, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் இணையதளத்திலிருந்து எடுக்கப்பட்டது.

‘பெத்தவங்ககிட்ட மறைக்கச் சொல்றீங்களா?’ என்று கேட்பவர்கள் உண்டு. பெற்ற மனசின் தவிப்பு எனக்கும் புரிகிறது. பிள்ளையே தயாராகி, தன் வாயால் சொல்லும் நாள்வரை பொறுக்க வேண்டும் என்பதுதான் நான் கேட்பது. ஹெச்.எம். அறையில், இரண்டு ஆசிரியர்கள் நடுவே, ஏதோ திருட்டுப் பொருளைக் கண்டுபிடித்ததுபோல அப்பாவிடம் ஒப்படைக்கப்படும் விஷயமா இது? அவமானத்தில் குன்றி நிற்கும் அப்பாவின் கை முதலில் எங்கே போகும் என்று அந்த அறையில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும். வெளியே வந்ததும் டி.சி. கேட்பார்கள். பெண் என்றால் ஊரில் மாப்பிள்ளை தேடுவார்கள். மற்ற பிள்ளைகளுக்கு அது பாடமாகிவிடும். அடுத்த பத்து வருடத்துக்கு அந்தப் பள்ளியில் யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

ஆகவே வானவில் கொடியையோ பெரிய பேரணியையோ நான் பள்ளிகளிடம் இப்போது கேட்கவில்லை. எழுத்தில் ஒரு விதி வேண்டும். ஒரு மாணவர் தன் ஈர்ப்பைப் பற்றி ஆசிரியரிடமோ ஆலோசகரிடமோ சொன்னால், உயிருக்கு ஆபத்து என்ற நிலை தவிர, அவர் சம்மதம் இல்லாமல் அது வீட்டுக்குப் போகக் கூடாது. கேலி செய்தவனைக் கண்டிப்பதற்காகப் பெற்றோரை அழைத்தாலும், கேலிக்கு ஆளானவரின் விஷயம் அந்தக் கூட்டத்தில் பேசப்படக் கூடாது.

இதற்குப் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள்தான், உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்கள். தனியார் பள்ளி என்றால் பெற்றோர் ஆசிரியர் கழகம் இருக்கிறது. ராஜகீழ்ப்பாக்கத்திலோ சேலையூரிலோ அடுத்த கூட்டம் கூடும்போது, கழிப்பறை, குடிநீர், மதிய உணவு பற்றிப் பேசி முடித்த பிறகு, ஏதேனும் ஓர் அம்மா எழுந்து இந்த விதியைத் தீர்மானமாக எழுதச் சொல்லலாம்.