மலருக்கு அடுத்து என்ன?

"பையன் கணக்குல கெட்டி மிஸ். இங்கேயே விட்டா வீணாயிடுவானோன்னு பயமா இருக்கு."

கோடை விடுமுறை நெருங்கும்போது ஓசூர், சூளகிரி, கெலமங்கலம் பக்கத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஆசிரியைகளுக்குப் பழகிப்போன பேச்சு இது. சொல்பவர் சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பார். பாகலூர்ப் பக்கம் பசுமைக்குடிலில் ரோஜா பறிப்பவராக இருப்பார். விடியும் முன் கம்பெனி பஸ் ஏறி, ஷிப்ட் முடிந்து வரும் அம்மாவாக இருப்பார். பிள்ளை பின்தங்குகிறதே என்று இவர்கள் டி.சி. கேட்கவில்லை. முந்திக்கொண்டு ஓடுகிறதே, இந்தப் பள்ளி ஈடுகொடுக்குமா என்றுதான் கேட்கிறார்கள்.

அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. திறமையான பிள்ளைகளுக்காக நம்மிடம் இருக்கும் ஏற்பாடுகளைப் பாருங்கள். அறிவியலையும் கணிதத்தையும் கையால் செய்து பார்க்க வைக்கும் வானவில் மன்றம் 6 முதல் 8-ம் வகுப்பு வரை. மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும் என்.எம்.எம்.எஸ். தேர்வு 8-ல். கிராமப்புறப் பிள்ளைகளுக்கான ஊரகத் திறனாய்வுத் தேர்வு 9-ல். உண்டு உறைவிட மாதிரிப் பள்ளிகள் 9-லிருந்து 12 வரை. முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வும் மேல் வகுப்பில்தான். ஒன்றிலிருந்து ஐந்து வரை, படிப்பில் முந்துகிற பிள்ளைக்கென்று தனியாக எதுவும் இல்லை. அந்த ஐந்து வருஷத்தில்தான் பெற்றோர் முடிவெடுக்கிறார்கள்.

அவர்கள் முன்னால் இருக்கும் வழிகளில் முதலாவது தனியார் பள்ளி. ஓசூரில் மெட்ரிக், சி.பி.எஸ்.இ. பலகைகளுக்குக் குறைவில்லை. சேர்க்கைக்கு முன் குழந்தைக்கு டெஸ்ட் வைத்தார்கள், பாஸாகிவிட்டான் என்று பூரிப்போடு சொல்லும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13-வது பிரிவு அப்படிச் சோதித்துச் சேர்ப்பதைத் தடுக்கிறது. முதல் தடவை மீறினால் 25,000 ரூபாய் வரை, அடுத்தடுத்த தடவைகளுக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வைக்கும் நேர்காணல் தரத்தின் அடையாளம் என்று நம்புகிறவர்களுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும். அதே சட்டத்தின்படி 25 விழுக்காடு இடத்தில் கட்டணமில்லாமல் சேரலாம். அதற்கும் குலுக்கல், தூரம், வருமானச் சான்று என்று பல கதவுகள்.

இரண்டாவது வழி எல்லைக்கு அந்தப் பக்கம். ஜூஜூவாடி தாண்டினால் கர்நாடகம். அங்கே மத்திய அரசின் உறைவிடப் பள்ளியான நவோதயா உண்டு. 6-ம் வகுப்பில் நுழைவுத் தேர்வு வைத்து எடுக்கும் மொரார்ஜி தேசாய் உறைவிடப் பள்ளிகளும் ஆதர்ச வித்யாலயங்களும் உண்டு. நவோதயா இல்லாத மாநிலம் தமிழ்நாடு. இந்தித் திணிப்புக்கு அது வாசல் என்பது இங்கே பல காலமாகச் சொல்லப்படும் காரணம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அந்த அரசியல் எப்படி முடிந்தாலும், ஓசூர்த் தகப்பன் கண்ணுக்குப் படுவது ஒன்றுதான்: பெங்களூரு 40 கிலோமீட்டர், அங்கே இருப்பது இங்கே இல்லை.

நவோதயா தேர்வு இரண்டு மணி நேரம், 80 கேள்விகள், 100 மதிப்பெண். அதில் பாதி, படங்களை வைத்துக் கேட்கும் மனத்திறன் கேள்விகள்: இதில் பொருந்தாதது எது, கண்ணாடியில் எப்படித் தெரியும் என்கிற மாதிரி. எந்த மாவட்டத்து நவோதயாவோ, அந்த மாவட்டத்திலேயே குடியிருந்து 5-ம் வகுப்பு படிக்க வேண்டும். முக்கால்வாசி இடங்கள் கிராமப்புறத்துக்கு. அந்த ஒதுக்கீட்டுக்கு 3, 4, 5 மூன்று வகுப்பும் கிராமத்துப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஆக, ஓசூர்ப் பிள்ளை அந்தத் தேர்வை எழுத வேண்டுமானால் ஐந்தாம் வகுப்புக்கு முன்பே, நகரத்துப் பிள்ளை கிராமப்புற ஒதுக்கீட்டில் வர எட்டு வயதிலேயே, பாட்டி வீட்டுக்கோ சித்தி வீட்டுக்கோ கர்நாடகத்துக்கு அனுப்ப வேண்டும். கிடைக்குமா என்பது ஐந்தாம் வகுப்பு முடியும்போதுதான் தெரியும்.

இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் விட்டுவிடுகிற கணக்கு ஒன்று உண்டு. மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. அடுத்த வருஷம் பொறியியல், வேளாண்மை, சட்டம் என்று விரிந்தது. அது 6 முதல் 12 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. 25 விழுக்காட்டு இடத்தில் தனியாரில் 8 வரை படித்துவிட்டு, மீதியை அரசுப் பள்ளியில் முடித்தாலும் அதில் வரலாம். கல்லூரி போகும்போது மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் 6-ம் வகுப்பிலிருந்தே கணக்கு வைக்கின்றன. ஆறாம் வகுப்பை எல்லைக்கு அந்தப் பக்கம் படிக்கும் பிள்ளை இந்த வரிசையிலிருந்து விலகிவிடும். மாதச் சம்பளத்தில் வாடகை போக மிச்சம் பார்க்கிற குடும்பத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் பெற்றோரின் கேள்வி பணத்தைப் பற்றியது மட்டும் இல்லை. பிள்ளை தினமும் காலை ஒன்பதரையிலிருந்து நாலு மணி வரை அந்த அறையில் என்ன செய்கிறது என்பதைப் பற்றியது.

ஓசூர் ஒன்றியத்தில் ஒரு தொடக்கப் பள்ளி. ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியைகள். 60 பிள்ளைகள் வரை இருந்தால் கல்வி உரிமைச் சட்டம் சொல்லும் கணக்கு அதுதான். 1, 2, 3 வகுப்புகள் ஒரே அறையில். 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டப்படி பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாக உட்கார்ந்திருக்கிறார்கள். எந்த வகுப்பில் இருந்தாலும் சரி, எந்த நிலையில் இருக்கிறார்களோ அந்த நிலைக்கான பயிற்சித் தாள். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, வீட்டில் தெலுங்கு பேசுகிறவள், மூன்று இலக்கக் கழித்தல் பக்கத்தை மற்றவர்கள் பென்சில் சீவுவதற்குள் முடித்துவிட்டாள். "முடிச்சவங்க மத்தவங்க நோட்டைத் திருத்துங்க" என்றார் ஆசிரியை. ஆறு நோட்டைத் திருத்தினாள். பிறகு எழுந்து வந்து, "சின்னதுலேர்ந்து பெருசைக் கழிச்சா என்ன மிஸ் வரும்?" என்று கேட்டாள். ஆசிரியையின் இடது பக்கம் அரும்பு நிலைப் பையன் 'ழ'வை எழுத முடியாமல் அழுதுகொண்டிருந்தான். "அது பெரிய கிளாஸ்ல வரும்மா, போய் உக்காரு."

அந்த ஆசிரியையை ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். அழுகிற பிள்ளையை விட்டுவிட்டுக் குறை எண்ணைப் பற்றிப் பேச முடியாது. ஆனால் அந்தச் சிறுமிக்கு அந்த நிமிஷத்தில் தேவைப்பட்டது ஒரு கோடு. சுவரில் 0 முதல் 20 வரை எழுதியிருக்கும் எண்கோட்டைச் சைபருக்கு இடது பக்கம் நீட்டி, "நீயே நடந்து பாரு" என்று சொல்லும் ஒரு அட்டை. அதற்கு நுழைவுத் தேர்வு வேண்டாம், ஹாஸ்டல் வேண்டாம்.

அரும்பு நிலைப் பிள்ளையை மொட்டுக்கு ஏற்றப் பாடத்திட்டம் இருக்கிறது. மொட்டிலிருந்து மலருக்கு ஏற்றவும் இருக்கிறது. மலரைத் தாண்டிவிட்ட பிள்ளைக்கு மற்றவர் நோட்டுதான் இருக்கிறது. பெற்றோர் டி.சி. கேட்டு வரும் இடம் இது.

பத்து வயதில் பிள்ளைகளைச் சலித்துப் பிரிப்பதற்குத் தமிழ்நாட்டில் எப்போதும் எதிர்ப்பு உண்டு. அது இந்த மண்ணோடும் சம்பந்தப்பட்டது. ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்து, ஓசூர்ப் பள்ளியில் படித்து, பெங்களூரு சென்ட்ரல் கல்லூரிக்குப் போன ராஜாஜி, முதல்வராக 1953-ல் அரைநாள் பள்ளித் திட்டத்தைக் கொண்டுவந்தார். பிள்ளையைக் குலத்தொழிலுக்குத் தள்ளும் குலக்கல்வி என்று மாநிலம் கொதித்தது. 1954-ல் காமராஜர் வந்ததும் திட்டம் போனது. 2019-ல் 5, 8-ம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று ஆணை வந்தபோதும் அதே கோபம். 2020 பிப்ரவரியில் அரசு திரும்பப் பெற்றது. இந்த எதிர்ப்பு சரியானது என்றே நினைக்கிறேன். பிரிக்கக் கூடாது என்பதில் நாம் உறுதியாக நின்றோம். பிரிக்காமல் வேகமான பிள்ளைக்கு என்ன கொடுப்பது என்பதைச் செய்யாமல் விட்டோம். அந்தக் காலி இடத்தில்தான் கோச்சிங் சென்டர் வந்து உட்காருகிறது.

பிரித்துப் பார்த்த நாடு ஒன்றின் அனுபவம் நமக்கு உதவும். சிங்கப்பூர் 1984-ல் மீத்திறன் கல்வித் திட்டம் தொடங்கியது. தொடக்கநிலை மூன்றில் தேர்வு. மேலே வரும் ஒரு விழுக்காட்டினர் ஒன்பது பள்ளிகளில் தனி வகுப்புக்குப் போவார்கள். அங்குள்ள தமிழ்ப் பெற்றோருக்கு இந்தத் தேர்வு நன்றாகவே தெரியும். இதற்கென்றே டியூஷன் நிலையங்கள் முளைத்தன. நாற்பது வருஷம் கழித்து, 2024 ஆகஸ்டில் பிரதமர் லாரன்ஸ் வோங், அந்தத் திட்டம் இனி அதே வடிவில் தொடராது என்று அறிவித்தார். ஒவ்வொரு தொடக்கப் பள்ளியும் தன் பிள்ளைகளில் வேகமானவர்களுக்குத் தானே ஏற்பாடு செய்ய வேண்டும். அதற்கும் மேல் தேவைப்படுகிறவர்களுக்குக் குறிப்பிட்ட சில பள்ளிகளில் பள்ளி நேரத்துக்குப் பின் கூடுதல் வகுப்பு. பிள்ளை தன் பள்ளியை, தன் கூட்டாளிகளை விட்டுப் போக வேண்டியதில்லை.

யாரைத் திறமைசாலி என்று கண்டுபிடிக்கிறோம் என்பதும் சிக்கலானது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பிரோவர்ட் மாவட்டம் ஆசிரியரும் பெற்றோரும் சிபாரிசு செய்யும் பிள்ளைகளை மட்டும் சோதிப்பதை விட்டு, 2-ம் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளையும் சோதித்தது. ஏழைப் பிள்ளைகளும் கறுப்பின, ஹிஸ்பானிக் பிள்ளைகளும் முன்பைவிட மிக அதிகமாகத் தேறினார்கள் என்று பொருளியலாளர்கள் டேவிட் கார்டும் லாரா ஜூலியானோவும் 2016-ல் எழுதினார்கள். சிபாரிசு செய்ய ஆளில்லாத பிள்ளைகள் அவர்கள். ஓசூரில் அப்படிப்பட்டவர்கள் யார் என்று யோசித்தால் முகங்கள் வரும்: ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள், அஞ்செட்டி மலையிலிருந்து இறங்கி வந்தவர்களின் பிள்ளைகள். வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளியில் தமிழ், டிவியில் இந்தி என்று ஏழு வயதில் நாலு மொழிக்கு நடுவே தடையில்லாமல் போய்வருகிற பிள்ளையை எந்தத் திறனாய்வுத் தேர்வு அளந்திருக்கிறது? தமிழ்ப் பாடத்தில் ஒற்றுப்பிழை என்றுதான் அந்தப் பிள்ளைக்கு மதிப்பெண் குறைகிறது.

ஒரு விஷயத்தில் நாம் ஃபுளோரிடாவை விட முன்னால் இருக்கிறோம். எண்ணும் எழுத்தும் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளின் நிலையையும் ஆசிரியர்கள் செயலியில் பதிவு செய்கிறார்கள். யார் மலரைத் தாண்டிவிட்டார்கள் என்பதற்குப் புதிதாக ஒரு தேர்வு தேவையில்லை. பதிவு ஏற்கெனவே இருக்கிறது. அதை இதுவரை பின்தங்கியவரைக் கண்டுபிடிக்கவே பயன்படுத்தினோம்.

அவரவர் வேகத்தில் போவதும் இங்கே புதிது இல்லை. மதனப்பள்ளிக்குப் பக்கத்து ரிஷிவேலிப் பள்ளியில் உருவான முறையைப் பார்த்து, 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்கப் பரவியது. சுவரில் ஏணிப்படம், தட்டில் அட்டைகள். ஒரு அட்டையை முடித்த பிள்ளை யாரையும் கேட்காமல் அடுத்ததை எடுக்கலாம். நடைமுறையில் அதற்குக் குறைகள் இருந்தன. ஆனாலும் மேல்படிக்குப் போக அனுமதி கேட்க வேண்டாம் என்கிற அந்த ஒரு அம்சத்தை நாம் கைவிட்டிருக்கக் கூடாது.

பொருள்களும் ஓரளவு கைவசம் உண்டு. வாசிப்பு இயக்கத்தின் சின்னப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நிலைவாரியாக அச்சாகியிருக்கின்றன. 4, 5-ம் வகுப்புக்கு ஊஞ்சல் இதழ், அதற்கு மேல் தேன்சிட்டு. மூன்றாம் வகுப்புப் பிள்ளை கையில் தேன்சிட்டு கிடைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. பல பள்ளிகளில் இவை பீரோவுக்குள் இருக்கின்றன, கிழிந்துவிடுமே என்று. கிழியட்டும்.

ஓசூர்க்காரர்களுக்கு ஒரு பழைய சங்கதியும் ஞாபகம் இருக்கும். 1980-களில் டைட்டன் இங்கே கடிகாரத் தொழிற்சாலை தொடங்கியபோது, அனுபவசாலிகளை மட்டும் நம்பாமல், சுற்றுவட்டாரத்தில் பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பிள்ளைகளைப் பள்ளிகள் வழியாகவே தேடி எடுத்தது. கைக்கடிகாரம் கட்டியிராத பிள்ளைகள்கூட நுணுக்கமான வேலைக்குப் பழகினார்கள். வேலையைக் கையில் கொடுத்த பிறகுதான் கைத்திறன் வெளியே தெரிந்தது. இன்று இந்த மாவட்டத்தில் தொழிற்சாலைகள் சமூகப் பொறுப்பு நிதியில் கட்டடம், கழிப்பறை, ஸ்மார்ட் போர்டு தருகின்றன, நல்லதுதான். நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி திட்டம் வழியாக அதில் ஒரு பங்கைக் கணக்குப் புதிர் அட்டைகளுக்கும், நூலகத்துக்கும், குறுவள மையத்தில் சனிக்கிழமைக் கூடுகைக்கும் கேட்கலாம். பத்துப் பதினைந்து பள்ளிகளின் பிள்ளைகள், ஆர்வமுள்ள யாரும் வரலாம் என்ற விதியோடு, மாதம் இரண்டு தடவை கூடினால் போதும். கியர் எப்படிச் சுற்றுகிறது என்று சொல்லிக்காட்ட இந்த ஊரில் ஆள் பஞ்சமா?

டி.சி. வாங்கும் முன் பெற்றோர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. தலைவர் பெற்றோரில் ஒருவர். குடிநீர்க் குழாய், சுற்றுச்சுவர் என்று தீர்மானம் போடும் அதே நோட்டில் இதையும் எழுதச் சொல்லுங்கள்: மலர் நிலையைத் தாண்டிய பிள்ளைகளுக்கு வாரம் மூன்று நாள், ஒரு மணி நேரம், அடுத்த வகுப்புப் பயிற்சித் தாளோ புதிர் அட்டையோ தர வேண்டும்; அந்த நேரத்தில் அவர்களை நோட்டு திருத்த உட்கார்த்தக் கூடாது; பீரோவில் இருக்கும் வாசிப்புப் புத்தகங்களை வகுப்பறையில் கயிறு கட்டித் தொங்கவிட வேண்டும்; இரண்டு ஆசிரியர் பள்ளிக்கு மூன்றாவது ஆசிரியரோ தன்னார்வலரோ வேண்டும் என்று வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுத வேண்டும். ஷிப்ட் இல்லாத நாளாகப் பார்த்துக் கூட்டத்தை வைக்கச் சொல்லவும் பெற்றோருக்கு உரிமை இருக்கிறது. நாலு பேர் கையெழுத்துப் போட்டுக் கேட்டால், தீர்மானத்தை எழுதாமல் இருக்க முடியாது.