நீந்தக் கற்பிக்கும் கை

ஒரு வித்தையைக் கற்பது கல்வி; அதைப் பிறர் கற்பிக்கும் முறையைக் கூர்ந்து நோக்குவதும் கல்வியே. மரக்காணத்தில், உப்பளங்களை அடுத்த கழியின் கரையில் அத்தகைய பாடம் ஒன்று எனக்குக் கிடைத்தது.

இடுப்பளவு நீரில் இரு சிறுவர்கள் நீந்தப் பழகிக்கொண்டிருந்தனர். ஒருவனுக்கு அவன் தமையனே ஆசான். "கையை வீசு, காலை அடி, தலையைத் தூக்கு" என்று மூன்று கட்டளைகளை ஒரே மூச்சில் இட்டான். சிறுவன் தலையைத் தூக்கினான்; கால்கள் தாழ்ந்தன; தண்ணீரைக் குடித்துவிட்டான். நீரில் உடல் துலாக்கோல் போன்றது. ஒரு முனை எழுந்தால் மறுமுனை தாழும். தமையன் நன்றாக நீந்துபவன்தான். ஆனால் தான் அறிந்த அனைத்தையும் ஒரே வேளையில் புகட்ட முயன்றான்.

மற்றவனுக்குக் கற்பித்தவர் உப்பளத்தில் உழைக்கும் அவன் தந்தை. முதலில், முகத்தை நீரில் அமிழ்த்தி மூச்சை விடுவதற்கு மட்டும் பழக்கினார். பிறகு நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து மல்லாந்து படுக்கச் சொல்லி, முதுகின் கீழ்த் தம் உள்ளங்கையை வைத்தார். "உப்புத் தண்ணீர் உன்னைத் தாங்கும், நீ சும்மா கிட" என்றார்.

அவர் கூறியது பௌதிக உண்மை. நன்னீர் லிட்டருக்கு ஏறக்குறைய 1,000 கிராம் எடையுள்ளது. கடல்நீர் சுமார் 1,025 கிராம். உப்பு விளையும் பாத்தியின் செறிந்த நீரோ 1,200 கிராமுக்கும் மேல். நீர் கனக்கக் கனக்க மிதப்பது எளிதாகும். நுரையீரலில் காற்று நிறைந்திருந்தால் பெரும்பாலோர் நன்னீரிலும் மிதப்பர். காற்றை வெளியேற்றினால் பலர் அமிழ்வர். ஆதலின் மூச்சே முதற்பாடம் ஆயிற்று.

சற்று நேரத்தில் உள்ளங்கை இரு விரல்களாகக் குறைந்தது. பின்னர் அவையும் விலகின. மகன் அதை அறியாமலே மிதந்தான். தந்தையின் கை மட்டும் ஒரு சாண் கீழே காத்திருந்தது. டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் என்னும் அறிஞர்கள் 1976-இல் எழுதிய கட்டுரையில், கற்பவருக்கு ஆசிரியர் தரும் துணையைக் கட்டடத்திற்குக் கட்டும் சாரத்தோடு ஒப்பிட்டனர். அந்தச் சாரத்தை நான் நீருக்குள் கண்டேன்.

இளமையில் என்னைக் கிணற்றில் தள்ளி நீச்சல் கற்பிக்க முயன்றார் ஒருவர். நான் கற்றது அச்சம் ஒன்றே. இன்றும் முழங்காலளவுக்கு மேல் நீரில் இறங்கத் துணியேன். இது சிறு இழப்பன்று. 2021-இல் மட்டும் உலகில் சுமார் 3,00,000 பேர் நீரில் மூழ்கி மாண்டனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது.

நீச்சலைத் தனியே பழகாதீர்கள். தக்க துணையுடன் பழகுங்கள். நாளை நீங்கள் ஒரு தம்பிக்கோ தங்கைக்கோ கற்பிக்க நேர்ந்தால், ஒரு வேளைக்கு ஒன்றே சொல்லுங்கள். கையை மெல்ல விலக்குங்கள். ஆனால் அருகிலேயே வைத்திருங்கள்.