ஓடை பார்த்த வைத்தியம்

சென்ற வாரம் தோட்டத்து லயங்களுக்குக் குழாய்த் தண்ணீர் வந்த கதையைச் சொன்னேன். இந்த வாரம் அந்த லயங்களுக்குப் பின்னால், குன்றடிவாரத்தில் தெளிந்து ஓடிய சிற்றோடைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் கோலகங்சார், சுங்கை சிப்புட் வட்டாரங்களைப் போன்ற பேராக்கின் குன்றுப் பிரதேசங்களில், கப்பலேறி வந்து பால்மரம் வெட்டிய நம் முன்னோரில் எத்தனையோ பேரைப் பலிகொண்ட மலேரியா என்ற விஷஜுரம் அந்த ஓடைகளிலேதான் உற்பத்தியாயிற்று.

அனாபிலிஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியை ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கண்டுபிடித்தது 1897-இல். 1901-இல் சிலாங்கூரின் கிள்ளானுக்கு வந்த மால்கம் வாட்சன் என்ற அரசாங்க வைத்தியர், சதுப்பு நிலங்களை வடியச் செய்து, சுற்றியிருந்த காட்டை வெட்டி, அவ்வூரை ஜுரத்தின் பிடியிலிருந்து மீட்டார். ஆனால் கடலோரச் சமவெளியில் இத்தனை நற்பலன் தந்த அதே முறையைக் குன்றுத் தோட்டங்களில் கையாண்டபோது ஜுரம் தணியவில்லை. காரணம் விசித்திரமானது. கரையோரத்துக் கொசு நிழல் படிந்த சதுப்பை நாடுவது. குன்றுகளில் வாழும் மாக்குலேட்டஸ் என்ற இனமோ வெயில் படும் தெளிந்த ஊற்று நீரில் முட்டையிடுவது. ரப்பருக்காகக் காட்டை அழித்து ஓடைக்கு வெயிலைத் திறந்துவிட்டதே அந்தக் கொசுவுக்குத் தொட்டில் கட்டிக் கொடுத்தது போலாயிற்று.

ஆகவே சில இடங்களில் ஓடை நீரைப் பூமிக்கடியில் குழாய்களில் செலுத்தினார்கள். மற்ற இடங்களில் வாரந்தோறும் நீரின்மேல் எண்ணெய் தெளித்தார்கள். அதிகாலைப் பெரட்டில் ஆட்களை நிறுத்திக் கொய்னா விழுங்க வைத்ததும் உண்டு. ஆனால் அது அன்றைய வேலைக்கு ஆள் சேர்க்கும் வைத்தியம் என்றே நான் கருதுகிறேன். லயத்துக் குழந்தையையும், பெரட்டுக்கு வராத கிழவியையும் சேர்த்துக் காத்தது, முதுகில் எண்ணெய்த் தகரத்தைச் சுமந்து ஓடை ஓடையாக நடந்த தொழிலாளியின் உழைப்பு. வாட்சனின் பெயரைச் சரித்திரம் போற்றுகிறது. எண்ணெய்த் தகரம் சுமந்த அந்தத் தொழிலாளிக்கும் நாம் கடமைப்பட்டவர்களே.

சுதந்திரம் வந்தபோது சுகாதார மந்திரியாக அமர்ந்தவர் சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன். 1967-இல் மலேரியா ஒழிப்புத் திட்டம் தீபகற்பம் முழுவதற்கும் தொடங்கியது. இன்று மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா இந்நாட்டில் மறைந்தேவிட்டது. குரங்குகளிடமிருந்து வரும் ஒருவகை மட்டும் எஞ்சியிருக்கிறது.

ஆனால் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விலைபோனபோது, வேலையோடு சேர்த்து, அந்த வேலையை ஒட்டியிருந்த சுகாதாரப் பாதுகாப்பையும் நம்மவர் இழந்தார்கள். ஈப்போவின் புறநகர்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடியேறியவர்களை எதிர்கொண்டது டெங்கி. அதைப் பரப்பும் ஏடிஸ், ஓடையைத் தேடுவதில்லை. பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், மூடாத தண்ணீர்த் தொட்டி ஆகியவையே அதற்குப் போதும். முட்டை கொசுவாகச் சுமார் ஒரு வாரம் ஆவதால்தான், வாரம் பத்து நிமிஷமாவது வீட்டைச் சுற்றிப் பார்க்கும்படி சுகாதார அமைச்சு சொல்கிறது. அதைத் தவறாமல் செய்வோம். எனினும் அடைபட்ட கூரை நீர்ப்பீலியும், பொதுக் கால்வாயும், நாட்கணக்கில் அள்ளப்படாத குப்பையும் எந்த ஒரு வீட்டுக்கும் சொந்தமானவை அல்ல. அவற்றைச் செவ்வனே பராமரிக்கும்படி அடுக்குமாடி நிர்வாகத்தையும் மாநகர் மன்றத்தையும் எழுத்து மூலம் கேட்பது வரி செலுத்தும் பிரஜையின் உரிமை. அவ்வாறு கேட்பது எப்படி, யாரிடம் என்பதை அடுத்த வாரம் விவரமாக எழுதுகிறேன்.