நீல விரியன் கடித்தால் மருந்து எங்கே?

2025 ஜூன் தொடக்கத்தில் மும்பை விமான நிலையத்திலிருந்து ஒரு படம் வெளியானது. பேசின் ஒன்றில் நீலமும் பச்சையுமாக நெளியும் பாம்புகள். தாய்லாந்திலிருந்து வந்த பயணி கொண்டுவந்த 44 இந்தோனேசியக் குழிவிரியன்கள் அவை. கூடவே மூன்று சிலந்திவால் கொம்பு விரியன்கள். ஈரானின் மேற்கு மலைப்பகுதியைச் சேர்ந்த பாம்பு அது. "எவ்வளவு அழகு!" என்று பலர் அந்தப் படத்தைப் பகிர்ந்தார்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் இருளர்களின் பாம்புப் பண்ணை இருக்கிறது. மண்பானைக்குள்ளிருந்து நல்ல பாம்பை எடுத்து, வாய் கட்டிய கண்ணாடிக் குப்பியில் பல்லைப் பதிய வைப்பார்கள். மஞ்சளாகச் சில துளிகள் இறங்கும். அந்த விஷத்தைச் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்துதான் விஷமுறிவு மருந்து தயாராகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நாலே நாலு பாம்புக்குத்தான் அது. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் குழிவிரியனுக்கே அது கேட்பதில்லை. இந்தோனேசியாக்காரனுக்கு எப்படிக் கேட்கும்?

இப்படிக் கடத்தி வரும் பாம்புகளை வீட்டில் வளர்க்க வாங்குபவர்கள் இருக்கிறார்கள். முறைப்படி பதிவு செய்து, விஷமில்லாத 'பால் பைத்தான்' (ball python) மலைப்பாம்பு வளர்ப்பவர்கள் "எங்களையும் இதில் சேர்க்காதீர்கள்" என்கிறார்கள். நியாயம்தான். என் பயம் திருட்டுத்தனமாக வளர்ப்பவரைப் பற்றியது. கடிபட்டால் அவர் உண்மையைச் சொல்வாரா? கேஸுக்குப் பயந்து, "தோட்டத்தில் ஏதோ கடித்தது" என்பார்.

டாக்டர் 2 மில்லி ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைப்பார். பிறகு சாய்த்துப் பார்த்தால் ரத்தம் உறையாமல் தண்ணீர் மாதிரி ஓடும். கையும் வீங்கியிருக்கும். கண்ணாடி விரியன்தான் என்று நினைத்து 10 குப்பி மருந்தை ஏற்றுவார். குதிரைப் புரதம் சிலருக்கு ஒவ்வாமல் மூச்சுத் திணறும், ரத்த அழுத்தம் சரியும். அதையும் தாங்கிக்கொள்ளலாம், மருந்து பலித்தால். இங்கே அதுவும் இல்லை. பச்சைக் குழிவிரியன்களுக்கான மருந்து பாங்காக்கில் தயாராகிறது. அதைத் தேட வேண்டிய நேரம் பொய்யில் கழிந்துவிடும். அதுவரை டாக்டர் கையில் இருப்பது பிளாஸ்மாவும், சிறுநீரகம் கெட்டால் டயாலிசிஸும்தான்.

இத்தனைக்கும் அந்தப் பாம்பின் படம் கடிபட்டவரின் மொபைலிலேயே இருக்கும். வாங்கிய அன்றைக்கே எடுத்து வைத்திருப்பார்.